கதையில் இல்லாத மீன்

காலை முதல் பஸ் எங்கள் தோட்டத்து முடக்கு வளைவில் நிற்கும்போது கண்டக்டர் சோமபால இறங்குவது வழக்கமில்லை. ஃபுட்போர்டில் தொங்கியபடியே பாண் ரொட்டி மூட்டையையும் தபால் பையையும் தள்ளிவிட்டு, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் பஸ் போய்விடும். போன மாதம் ஒரு நாள் அவன் இறங்கினான். பிள்ளைமடுவத்து வாசலில் நின்ற என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கே, அபே தங்கையா பாஸ் நெத்தி உனா" என்றான். நம்ம தங்கையா பாஸ் இல்லாமல் போய்விட்டார் என்று அதற்கு அர்த்தம். சிங்களத்தில் சொன்னது எனக்கு ஏறவில்லை என்று நினைத்தானோ என்னவோ, தமிழிலும் ஒருமுறை சொன்னான்: "நெஞ்சு வலி அக்கா. ரத்னபுர ஆஸ்பத்திரிக்குப் போற வழியில முடிஞ்சுது."

ஏணியிலிருந்து விழுந்துதான் இறந்தார் என்று பஜாரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். வலி வந்ததும் அவர் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைக் கழுவி, துணியில் துடைத்து வைத்துவிட்டுத்தான் "யாராச்சும் ஒரு வேன் கூப்பிடுங்க" என்றாராம். பிரஷ்ஷைக் கழுவாமல் அந்த மனிதர் டீ குடிக்கக்கூடப் போனதில்லை.

பெயின்டர் தங்கையாவைப் பலாங்கொடையில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ச் சனத்துக்கு அவர் தங்கையாண்ணே, சிங்களச் சனத்துக்குத் தங்கையா பாஸ், அதாவது மேஸ்திரி. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரைக்கும் நடந்தால் இரண்டு பக்கமும் அவர் எழுதிய போர்டுகள்தான். அவற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அவர் வரைந்த புத்தக அட்டைகளைப் பற்றி. அவற்றை நினைத்தாலே இந்த வயதிலும் எனக்குக் கை பரபரக்கிறது. துக்கத்தைச் சொல்ல வந்த இடத்தில் நான் சந்தோஷப்படுவதுபோலத் தெரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், அந்த அட்டைகள் அப்படிப்பட்டவை.

நான் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொள்கிறவள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். மரகதம் என்ற பெயரில் சிறுவர் பத்திரிகையில் வரும் மாயக் கதைகளை உங்களில் சிலர் படித்திருக்கலாம். அந்தக் கதைகளுக்கெல்லாம் காரணம் ஒரு மீன்.

அறுபதுகளில் கொப்பி, பென்சில் விற்கும் அருணாசல முதலாளியின் கடையில், பின்பக்கம் இரண்டு தட்டு நிறைய மதராஸ் நாவல்கள் இருந்தன. வாடகைக்குக் கொடுப்பார். குடும்பக் கதைகளை யார் கேட்டார்கள்? எல்லோரும் கேட்டது மாயாஜாலக் கதைகளைத்தான், அதுவும் அட்டைக்காக. ஒன்றில் பளிங்குப் படிக்கட்டில் ஒரு குதிரை மேலே போய்க்கொண்டிருக்கும், அதன் வால் மட்டும் நெருப்பு. இன்னொன்றில் ஒரு கிழவன் உள்ளங்கையை விரித்திருப்பான், அந்தக் கைக்குள் ஒரு முழுக் கடலும் அதில் ஒரு கப்பலும். புத்தகத்தைத் திறக்காமலே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பஸ்ஸில் திரும்பி வரும்போதே எனக்கு அட்டையிலிருந்து ஒரு கதை உருவாகிவிடும். வீட்டுக்கு வந்து உள்ளே படித்தால் பல நேரம் அது என் கதை அளவுக்கு இருக்காது.

அந்த அழகே அட்டைகளுக்கு வினையாகப் போயிற்று. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சுவர் நிறையப் படம் ஒட்டுவோம். நடுவில் முருகன், பக்கத்தில் லட்சுமி, அதைச் சுற்றிக் கண்ணில் படும் நல்ல படமெல்லாம். வாடகைக்குப் போன புத்தகங்கள் ஒவ்வொன்றாக அட்டை இல்லாமல் கடைக்குத் திரும்பின. யார் கிழித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. என் வீட்டுச் சுவரிலும் ஒரு கோட்டையும் அதைச் சுற்றிய பச்சைப் பாம்பும் இருந்தன. அவை எப்படி வந்தன என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலாளி லேசுப்பட்டவரா? கிழிக்க முடியாத கெட்டி அட்டையைப் போட்டுப் புத்தகங்களைக் கட்டினார். அதன்மேல் படம் வரையத் தங்கையாவைப் பிடித்தார். போர்டு எழுதி மிஞ்சிய எனாமல் பெயின்ட்தான் அந்தப் படங்களுக்கு. கூட்டுறவுக் கடை போர்டு எழுதிய வாரத்தில் அரக்கன் நீலமாக வருவான். சலூன் கதவுக்குப் பெயின்ட் அடித்த வாரத்தில் பூதம் ரோஸ் நிறம். எனாமல் பளபளவென்று மின்னும், தண்ணீர் பட்டாலும் துடைத்துவிடலாம். மதராஸ் அட்டைகளில் இருந்தது அழகு என்றால் இவற்றில் இருந்தது ஒரு துணிச்சல்.

இந்தக் காலத்தில்தான் ஒரு லீவு நாள் நான் 'ஏழாம் மலையின் மந்திரவாதி' என்ற நாவலைக் கொண்டுவந்து லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசிப்பது எங்கள் வழக்கம். அட்டையில் தங்கையா வரைந்திருந்த படம் எல்லோரையும் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டது. பஸ் அளவு பெரிய ஒரு மீன், நீர்வீழ்ச்சிக்கு மேலே பறக்கிறது. அதன் முதுகில் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மீன் எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும்தான். மந்திரவாதி வந்தான், செத்தான், கல்யாணமும் நடந்து கதை முடிந்தது. மீன் வரவே இல்லை.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மீனு எங்கடி மரகதம்? அந்தப் பக்கத்த முழுங்கிட்டியா?" என்றாள்.

"இதுல மீனே இல்லடி."

"இல்லாமயா அட்டையில போடுவாங்க? நேரமாச்சுன்னு நீ தாண்டிட்ட. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே, என்னா வேணா செய்யலாம்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் பக்கத்தை விழுங்கினவளா? அடுத்த லீவு நாளில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பலாங்கொடைக்குப் போனேன். தங்கையா ஒரு சலூன் வாசலில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். கீழே நின்றே கத்தினேன். "படிச்சுப் பார்க்காமயா படம் போடுறீங்க? இதுல மீனு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்!"

அவர் இறங்கி வந்து பிரஷ்ஷைக் கழுவினார். "மீனு இல்லீங்களா? அடக் கடவுளே. கடல் தாண்டுற கதைன்னு மொதலாளி சொன்னாரு. கடல்னா மீனு இருக்கும்தானேன்னு போட்டேன்."

"நல்லாப் போட்டீங்க. எங்க லயத்துல என் மானம் போச்சு."

"பழைய அட்டை இருந்திருந்தா அதையே பாத்துப் போட்டிருப்பேங்க. அதுல ஒரு கோட்டையும் பச்சைப் பாம்பும் இருந்துச்சாம். யாரோ ஒரு மகராசி கிழிச்சுக்கிட்டாங்க" என்றார்.

அந்தப் பாம்பு என் வீட்டில் லட்சுமிக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் தடவை அந்தப் புத்தகத்தை எடுத்து அட்டையைக் கிழித்துக்கொண்டு, அவசரத்தில் படிக்காமலே திருப்பிக் கொடுத்தவள் நான்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் சிரிக்கவில்லை. அட்டையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மீன வெளிய எடுக்க முடியாதுங்க. பெயின்ட் காஞ்சிருச்சு. நீங்க கதைக்குள்ள அதுக்கு ஒரு எடம் பண்ணிக் குடுத்துருங்க."

அவர் சொன்னவற்றில் இந்த வார்த்தையைத்தான் நான் அதிகம் நினைத்திருக்கிறேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போதே மீன் என் தலைக்குள் பறக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் கொப்பியில் நான்கு பக்கம் எழுதி, பசை தடவி, புத்தகத்தின் நடுவில் ஒட்டினேன். ஏழாம் மலையைத் தாண்ட வழியில்லாமல் நிற்கும் பெண்ணை மீன் வந்து ஏற்றிப்போகிறது. வெயில் பட்டால் மீன் காய்ந்துவிடும் என்பதற்காகத்தான் அவள் குடை பிடிக்கிறாள். செல்லம்மா அதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, இருந்துச்சுல்ல? அன்னைக்கு நீ தாண்டித்தான் போயிருக்க" என்றாள். அந்த நான்கு பக்கத்தை எழுதியது நான் என்று அவளை நம்பவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அதன் பிறகு தங்கையா வரைவதும், படத்தில் இருந்து கதையில் இல்லாததை நான் எழுதி ஒட்டுவதும் வழக்கமாகிவிட்டது. கடைக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "உள்ள ஒட்டினது இருக்கா?" என்று கேட்டுத்தான் ஆட்கள் புத்தகம் எடுத்தார்கள்.

ஒரு நாள் நான் எழுதிய பக்கங்களை முதல்முறையாகத் தங்கையா கையில் கொடுத்தேன். வாங்கி, மேலிருந்து கீழே பார்த்து, திருப்பிப் பார்த்து, "எழுத்து ரொம்ப அழகா இருக்குங்க" என்றார்.

"எழுத்தா, கதையா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் பக்கங்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவருடைய அப்பா கலவான பக்கம் ஒரு சின்ன ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். சுற்றுவட்டாரத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். "வீட்டுல தமிழு, பள்ளிக்கூடத்துல சிங்களம். தமிழெழுத்து எனக்குப் படம் மாதிரிங்க. துண்டுல எழுதிக் குடுத்தா அப்படியே பாத்து வரைஞ்சிருவேன். படிக்கத் தெரியாது. நான் இருக்கிற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

சொல்லவில்லை, பதினேழு வருஷம். இப்போது சொல்கிறேன். பலாங்கொடைக் கடைக்காரர்களே, உங்கள் கடைகளுக்கு மேலே அத்தனை அழகாக நிற்கும் தமிழ்ப் போர்டுகளை எழுதியவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது! போய் நிமிர்ந்து பாருங்கள். ஒவ்வொரு எழுத்தையும் அவர் ஒரு முகத்தை வரைவதுபோல வரைந்திருப்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து நான் படிக்க, அவர் கேட்பார். கடையின் பின்பக்கம் ஒரு தேயிலைப் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வார். முதலாளியின் மனைவி எங்களுக்குச் சாயத் தண்ணி, பால் இல்லாத தேநீர், ஊற்றித் தருவார். நான் வாசிக்கும்போது தங்கையா மடியில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ வேகவேகமாக எழுதிக்கொண்டே இருப்பார். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்து தெரியாது. "என்னாங்க அது?" என்று ஒருதரம் கேட்டேன். "கலரு குறிப்புங்க" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

எழுபதுகளில் இந்தியப் புத்தகங்கள் வருவது நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து நாங்கள் 'பதினெட்டு வாசல் கோட்டை' முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தோம். ஒரு இளவரசியை மந்திரவாதி பதினெட்டு வாசல் கொண்ட கோட்டைக்குள் அடைத்துவிடுகிறான். அவள் ஒன்பது வாசலைத் திறந்துவிட்டாள், மீதி ஒன்பது இரண்டாம் பாகத்தில். அந்த இரண்டாம் பாகம் வரவே இல்லை.

செல்லம்மா வீட்டுக்கு வந்ததோ ஒரு கடிதம். அவளுடைய மாமனார் எப்போதோ இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டதற்குப் பதிலாக, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகும்படி பேப்பர் வந்துவிட்டது. பஸ்ஸில் கொழும்பு, ரயிலில் தலைமன்னார், பிறகு கப்பல். போக இன்னும் பத்து நாள்தான். அவள் பிறந்ததும் பிள்ளை பெற்றதும் எங்கள் லயத்தில். பிள்ளைமடுவத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அங்க என்னா ஆகும்னு தெரியாதுடி. கோத்தகிரிங்கிறாங்க, எங்க இருக்குன்னே தெரியாது. கோட்டைக்குள்ள இருக்கிற அந்தப் புள்ளைக்கு என்னா ஆச்சுன்னாவது தெரிஞ்சிக்கிட்டுப் போறேன். அவ வெளிய வந்தாளா?"

நான் நேராகத் தங்கையாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "மொதல்ல நான் அட்டையப் போட்டுர்றேன். அதப் பாத்து நீங்க எழுதுங்க" என்றார். மூன்றாம் நாள் அட்டை வந்தது.

அதை எப்படிச் சொல்வேன்! நான் பார்த்த அட்டைகளிலெல்லாம் அதற்கு மேல் ஒன்று இல்லை. அந்த வாரம் பஸ் ஒன்றுக்கு அடித்த சிவப்பும், சலூனின் பச்சையும், எங்கோ மிஞ்சிய ஆரஞ்சும் அவரிடம் இருந்திருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றாகச் சிவப்பு வாசல்கள், உள்ளே போகப்போகச் சின்னதாக. நடுவில் இளவரசி பச்சைச் சேலையில் நிற்கிறாள். தலையிலிருந்து கயிறு போட்டு முதுகில் தொங்குகிறது ஒரு கொழுந்துக் கூடை. கூடையிலிருந்து கொழுந்துக்குப் பதிலாகக் குருவிகள் கிளம்பி மேலே போகின்றன. மேல் பாதி முழுக்க ஆரஞ்சு வானம்.

"இளவரசிக்கு யாருங்க கூடை குடுத்தது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச பொம்பளைங்க எல்லாம் கூடையோடதான் மலை ஏறுறாங்க. கூடை இல்லாம வரைஞ்சா முதுகு பொய்யாத் தெரியுதுங்க."

அந்தக் கூடை எனக்கு மீதிக் கதைக்கு வாசலைத் திறந்துவிட்டது. பத்தாம் வாசலில் ஒரு பூதம் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு கொண்டுபோனாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நிறுக்கும். அதை வாசித்தபோது செல்லம்மா, "இது கொழுந்து நிறுக்கிற நம்ம கணக்கப்பிள்ளைதானே!" என்று தரையில் அடித்துச் சிரித்தாள். இளவரசி குருவிகளைக் கூடைக்குள் படபடக்கவிட்டுத் தராசையே தூக்கிவிடுகிறாள். பிள்ளைகள் தூங்கும் நேரமெல்லாம் எழுதினேன். எழுத எழுதச் செல்லம்மாவுக்கும், பஜாருக்குப் போகும் நாளில் தங்கையாவுக்கும் வாசித்தேன். அந்த நாட்களைப்போலச் சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் எழுதியதில்லை.

கடைசி அத்தியாயம், அவள் புறப்படுவதற்கு முதல் நாள் மாலைதான் முடிந்தது. பிரிவைப் பற்றி யோசிக்க எனக்கு மனதில்லை, அது எழுத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பதினெட்டாம் வாசல் திறக்கவில்லை. இளவரசி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவ்வளவுதான். செல்லம்மா போகிறாளே என்ற கோபத்தை நான் அந்தப் பிள்ளை தலையில் கட்டிவிட்டேன்.

மறுநாள் பலாங்கொடை பஸ் ஸ்டாண்டில் தங்கையா, காலையிலேயே நான் கொண்டுபோய்க் கொடுத்த தாள்களையும் சேர்த்துப் புத்தகத்தைக் கட்டி அட்டை போட்டு வைத்திருந்தார். கொழும்பு பஸ்ஸின் கூரையில் செல்லம்மாவின் தகரப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்று கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். அப்போது கொழும்பு ரூட்டில் இருந்த சோமபால, மீசை முளைக்காத பையன், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் ஹோர்ன் அடித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "அக்கே, கதாவ இவர கரன்ன. மங் இன்னங்" என்றான். கதையை முடியுங்கள், நான் நிற்கிறேன் என்று. ஆனால் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும்? உண்மையைச் சொல்கிறேன், கடைசிப் பக்கம் நெருங்க நெருங்க நான் வேண்டுமென்றே மெதுவாகத்தான் வாசித்தேன். அந்த முடிவை அவள் முகத்தைப் பார்த்து வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பக்கம் மீதி இருக்கும்போது டிரைவர் பஸ்ஸை எடுக்கத் தொடங்கிவிட்டார்.

புத்தகத்தை நான் விடவில்லை. "நான் பாத்து எழுதிட்டு அனுப்பி வைக்கிறேன்டி" என்றேன். இருந்தது அந்த ஒரு பிரதிதான். தங்கையா அதை என் கையிலிருந்து மெல்ல உருவி, ஜன்னல் வழியாகச் செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டார். "கதை, கேட்டவங்களோடதாங்க போவணும். கப்பல்ல யாராச்சும் மீதியப் படிச்சுச் சொல்லுவாங்க" என்றார். பஸ் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் என்னிடம், "கடைசியில என்னா ஆச்சுங்க? வெளிய வந்திருச்சா?" என்று கேட்டார்.

"செல்லம்மாகிட்டப் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நான் நடந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் செல்லம்மாவின் கடிதம் வந்தது, யாரிடமோ சொல்லி எழுதியது. கப்பலில் போய் இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் மழை பெய்து பெட்டிகள் முழுக்க நனைந்துவிட்டனவாம். புத்தகத்தின் உள்தாள் எல்லாம் கூழாகிவிட்டது. 'அட்டைக்கு ஒண்ணும் ஆகல, தொடச்சு செவத்துல மாட்டியிருக்கேன். கடைசிப் பக்கத்த ஒருத்தரும் படிச்சுச் சொல்லல. அவ வெளிய வந்தாளா, எழுது.'

என்னால் எழுத முடியவில்லை. உண்மையான முடிவை அனுப்ப மனம் வரவில்லை. வேறு முடிவு எழுதினால் அது எனக்கே பொய்யாகத் தெரிந்தது. தங்கையாவிடம் பாதியை மட்டும் சொன்னேன்: அட்டை அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று. அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "இந்தியாவுலயா? நம்ம அட்டையா?" என்று சலூன்காரர் வரைக்கும் போய்ச் சொன்னார். "உள்ள இருக்கிறது?" என்று கேட்டார். "அதுவும் பத்திரமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யால் ஒன்பது வருஷம் போயிற்று. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் செல்லம்மாவின் கடிதம் வரும். அந்த அட்டையைக் காட்டித் தன் பேரப்பிள்ளைகளுக்கு நாளுக்கொரு கதை சொல்கிறாளாம். கடைசி வரி மட்டும் மாறாது: அவள் வெளியே வந்தாளா?

இனி அந்தக் கதை திரும்பக் கிடைக்காது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். தங்கையா இறந்த எட்டாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். சோமபால அங்கே பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். தங்கையாவின் மனைவி ருக்மணி உள்ளே போய் ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "பிரஷ் பெட்டிக்கு அடியில இருந்துச்சுக்கா. எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. மேல மரகதம்னு போட்டிருக்குன்னு சோமபால சொன்னான்."

திறந்தேன். முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலால் அந்த அட்டையின் சின்னப் படம், அதைச் சுற்றி நிறங்களின் பெயர். கலர் குறிப்பு என்றது பொய்யில்லை. அதன் பிறகு பக்கம் பக்கமாகச் சிங்கள எழுத்து. சோமபாலவிடம் நீட்டினேன். அவன் வாசிக்கத் தொடங்கி நின்றுவிட்டான். "அக்கே, எழுத்து சிங்களம். ஆனா இது தமிழ்!" என்றான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தான். பத்தாம் வாசலில் ஒரு பூதம் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றது.

என் கதை! நான் வாசிக்க வாசிக்க அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறார். நான் இழந்துவிட்டேன் என்று ஒன்பது வருஷம் அழுதது, நான் வாரம் தவறாமல் போய்வந்த வீட்டில், பிரஷ் பெட்டிக்கு அடியில் இருந்திருக்கிறது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருப்பார். அவரும் தன் எழுத்துக்கு வெட்கப்படாமல் இருந்திருந்தால் எப்போதோ காட்டியிருப்பார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஒப்பாரி வைத்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்துவிட்டார்கள்.

சோமபால கடைசி அத்தியாயத்துக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டில் நான் நிறுத்திய இடம் வரைக்கும் அப்படியே இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். அதன் பிறகு வரும் ஒரு பக்கத்தை நான் யாருக்கும் வாசித்ததில்லை, அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கொப்பியில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அதைச் சோமபால வாசித்தது இப்படி:

"பஸ்ஸு போயிருச்சு. மரகதம்மா என்னா எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் நெனச்சது இது. பதினெட்டாங் கதவு தொறக்கல. அந்தப் புள்ள கதவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. குருவி மட்டும் மேல போச்சு. கோட்டைக்குக் கூரை இல்லைன்னு அப்பத்தான் அது பாத்துச்சு. அட்டையில நான் கூரை வரையல. மேல இருந்து பழைய மீனு வந்துச்சு, கொடையோட. அந்தப் புள்ள கூடையோட ஏறிக்கிச்சு. போயிருச்சு."

வாசித்து முடித்த சோமபால எழுந்தே நின்றுவிட்டான். "அக்கே, மாலுவா ஆவா!" என்று கத்தினான். மீன் வந்துவிட்டது! துக்க வீடு என்பதையே எல்லோரும் மறந்துபோனோம். ருக்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்தப் பக்கத்தை நான் தமிழில் எழுதி, ஒரு வார்த்தை மாற்றாமல் கோத்தகிரிக்கு அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு வரி என்னுடையது: "செல்லம்மா, அவள் வெளியே வந்துவிட்டாள். சுவரில் இருக்கும் அட்டையைப் போய்ப் பார், கோட்டைக்குக் கூரை இருக்கிறதா?" நேற்று அவளுடைய பதில் வந்தது. பேரப்பிள்ளையின் கோணல் எழுத்தில் ஒரே வரி: 'இல்லடி, இத்தன வருசமா நானும் பாக்கலயே!'

அருணாசல முதலாளியின் கடை இப்போது இல்லை. எனாமல் அட்டைகளில் நான்கோ ஐந்தோதான் மிஞ்சியிருக்கும். உங்களில் யாரிடமாவது இருந்தால் துடைத்துச் சுவரில் மாட்டுங்கள், பெட்டிக்குள் வைக்காதீர்கள். என்னிடம் இருப்பது அவருடைய அந்தக் கொப்பி, என்னால் படிக்க முடியாத எழுத்தில் என் கதை. அதோடு ஒரு பழக்கமும் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் கதையிலாவது கதவு திறக்காமல் நான் மாட்டிக்கொண்டால், பேனாவை வைத்துவிட்டு முதலில் மேலே பார்க்கிறேன்.